முகத்துவாரத்துக் கொடுவா

மாரிகாலத்து இரவொன்றிலே, மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் இடத்தில், மணல்மேட்டின்மீது ஓசைப்படாது நின்று செவி சாய்த்தவர்களுக்கு ஓர் ஒலி நினைவிருக்கும். கடலின் இரைச்சலுக்கும் வாவிநீர் பாய்ந்தோடும் சலசலப்புக்கும் நடுவே, யாரோ இருளில் நின்று உள்ளங்கைகளைக் குவித்து ஒருமுறை தட்டினாற்போல, ‘டப்’ என்று கேட்கும். பிறகு நெடுநேரம் ஒன்றும் இராது. அது கொடுவா மீன் இரை கொள்ளும் ஒலி. அவ்வொலியைக் கேட்டு மயங்கி, கையிலே தூண்டிலுடன் விடியுமட்டும் நின்று, வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் எங்கள் ஊரிலே எத்தனையோ பேர். அவர்களுள் நானும் ஒருவன்.

மட்டக்களப்பு என்றதும் வெளியூர் நேயர்களுக்குப் பாடும் மீன்தான் நினைவுக்கு வரும். பூரணை இரவில் கல்லடிப் பாலத்தடியிலே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்து அந்தக் கீதத்தைக் கேட்கும் வழக்கத்தைப் பலரும் அறிவர். பாடுவது மீனா, சிப்பியா, வேறேதுமா என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. பாடும் மீனைப் பற்றி எழுதப் பலர் உளர். நான் எழுத வந்தது பாடாத மீனைப் பற்றி.

எங்கள் வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலுக்கும் அதற்குமிடையே ஒடுங்கிய மணல் நிலம் ஒன்று நீண்டு கிடக்கின்றது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை; மறையும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் ஊர்களும் தென்னந்தோப்புகளும். படுவான்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்கள். வாவிக்குக் கடலோடு தொடர்பு இரண்டிடங்களிலேதான் உண்டு. தெற்கே கல்லாற்றுப் பக்கத்தில் ஒன்று. 1913ஆம் ஆண்டிலே கட்டப்பட்ட வெளிச்சவீடு நிற்கும் பாலமீன்மடுவுக்கு அண்மையில் மற்றொன்று. இவ்விரண்டாவதைத்தான் நாங்கள் முகத்துவாரம் என்று சொல்லுகின்றோம்.

கோடையிலே, கச்சான் வீசும் நாட்களில், ஆறுகள் வற்றி வாவியின் நீர் தாழ்ந்துவிடும். அப்போது கடல் நாளுக்கு நாள் மணலைக் கொணர்ந்து குவித்து வாயிலை அடைத்துவிடுவதுண்டு. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை பிடித்ததும் முந்தனை ஆறும் எண்ணற்ற ஓடைகளும் வாவியை நிரப்பும். நீர் ஏறினால் படுவான்கரை வயல்கள் மூழ்கும். ஆகவே மணல்திடலை வெட்டிவிடுவர். முன்னாளில் மண்வெட்டி பிடித்த ஆட்கள் வெட்டினர்; இந்நாளில் இயந்திரம் வெட்டுகின்றது. மாலையில் ஒருவன் தாண்டிவிடக்கூடிய வாய்க்காலாக வெட்டிவிட்டது மறுநாட் காலையில் ஆறாகப் பெருகிக் கிடக்கும். எப்போது வெட்டுவது என்பதிலே கருத்து வேற்றுமை வருவதுண்டு. கமக்காரர் விரைந்து வெட்டுக என்பர். மீன்பிடிப்போர் சற்றுப் பொறுக்க என்பர். இளம் இறாலும் மீன்குஞ்சும் நீரோடு கடலுக்குப் போய்விடுமே என்பது அவர்களுடைய கவலை. இருபக்கத்திலும் நியாயம் இருத்தலால், இதிலே தீர்ப்புச் சொல்ல நான் துணியேன்.

திடல் வெட்டப்பட்ட நாட்களிலேதான் கொடுவாவுக்குத் திருவிழா. வாவியின் கலங்கிய செந்நீர் கடலின் நீலநீரை முட்டித் தள்ளிச் செல்லும். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல ஓர் எல்லை தெரியும். நீரோட்டம் அள்ளிக்கொண்டு வரும் மணலைக்குஞ்சுகளும் இறாலும் அந்த எல்லையிலே தடுமாறிச் சுழலும். கொடுவா ஓட்டத்தின் நடுவே நின்று வீணே உடம்பை வருத்திக்கொள்ளாது. கரை வளையும் இடத்தில், ஓட்டம் மந்தமாகிச் சுழிக்கும் நிழலில், அசையாமல் காத்து நிற்கும். இரை அருகே வந்ததும் துரத்திப் பிடிப்பதில்லை. வாயை ஒரேயடியாகத் திறக்கின்றது. நீரும் இரையும் சேர்ந்து உள்ளே இழுபட்டுவிடுகின்றன. நாம் கேட்ட ‘டப்’ என்ற ஒலி அந்த வாய் திறந்து மூடும் ஒலியே.

மீனைக் காணாத நேயர்களுக்காக அதன் தோற்றத்தையும் சொல்லிவிடுகின்றேன். வெள்ளிப் பாளம் போன்ற உடல்; முதுகு சற்றே கறுத்துப் பச்சை பாய்ந்திருக்கும். தலை கூர்ந்து நெற்றி உட்குழிந்தும், முதுகு கூனல்போல எழுந்தும் இருக்கும். வால் பிளவுபடாமல் விசிறிபோல வட்டமானது. இருளில் விளக்கொளி பட்டால் கண் தணல்போலச் சிவந்து மின்னும். வாயிலே பெரிய பற்கள் இல்லை. தடவிப் பார்த்தால் அரத்தைத் தடவினாற்போல இருக்கும். ஆயுதமெல்லாம் செவுளிலே இருக்கின்றது. செவுள்மூடியின் ஓரம் சவர அலகுபோன்றது; தூண்டிற் கயிறு அதிலே ஒருமுறை உராய்ந்தால் போதும். அவுஸ்திரேலியர் இதனைப் பரமண்டி என்றும், வங்காளிகள் பெட்கி என்றும், சிங்களச் சகோதரர் மோதா என்றும் அழைக்கின்றனர். ஆபிரிக்காவின் நைல் நதியிலே வாழும் பெருமீன் இதற்கு நெருங்கிய உறவு. ஒன்றரை மீற்றருக்கு மேலும் வளரக்கூடிய சாதி இது.

எனக்குக் கொடுவாவைக் காட்டிக் கொடுத்தவர் என் மாமா. அம்மாவின் தமையன். பட்டினத்திலே ஒரு கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். நாவலடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவேயுள்ள அந்த மணற்றரையிலே, கிடுகு வேய்ந்த அவருடைய வீடு இருந்தது. பகல் முழுவதும் பேரேட்டில் தலை கவிழ்ந்திருந்த மனிதர், பொழுது சாய்ந்ததும் சட்டையைக் கழற்றி வளையிலே கொழுவிவிட்டு முகத்துவாரத்துக்குப் போய்விடுவார். மாமி முணுமுணுப்பார், ஆயினும் சோற்றைக் கட்டிக் கொடுக்கத் தவறமாட்டார்.

அவரிடம் இன்றைய இளைஞர் வைத்திருப்பதுபோன்ற சக்கரம் பூட்டிய தடி கிடையாது. ஒரு வெற்றுப் போத்தலிலே சுற்றிய தங்கூசி, விரற்கடை நீளமுள்ள முள், ஈயக்குண்டு, இவ்வளவே அவருடைய தளபாடம். முள்ளுக்கு மேலே இரண்டு முழத்துக்குத் தடித்த தங்கூசி வேறாக முடிந்திருப்பார். அது செவுளின் வெட்டுக்குத் தப்புவதற்காக. உயிருள்ள மணலை ஒன்றின் மேலுதட்டிலே முள்ளை ஏற்றி, தலைக்கு மேலே இருமுறை சுழற்றி வீசுவார். அது போய் விழும் இடம் எப்போதும் அந்தச் செந்நீர் எல்லையின் ஓரமாகவே இருக்கும். அவருடைய ஆட்காட்டி விரலிலே தங்கூசி அறுத்த தழும்புகள் வரிவரியாக இருந்தன. பள்ளிக்கூடத்திலே நான் கோடு போட்ட கொப்பியைத் திறக்கும்போதெல்லாம் அவ்விரல் நினைவுக்கு வரும்.

அவருக்குச் சில சட்டங்கள் இருந்தன. புதிதாக வெட்டப்பட்ட வாயிலின் ஓரத்திலே ஒருபோதும் நிற்கலாகாது. மேலே உறுதியாகத் தோன்றும் மணல் அடியிலே அரிக்கப்பட்டு, ஆளோடு இடிந்து விழும். இது விளையாட்டுக்குச் சொல்வதன்று. அந்த ஓட்டத்தில் விழுந்தவன் நீந்தத் தெரிந்தவனாயினும் கடலுக்குத்தான் போவான். லாம்பை நீரின் பக்கம் திருப்பலாகாது. வீண்பேச்சுக் கூடாது. பெருக்கு வற்றைப் பற்றி அவர் அதிகம் கவலைப்பட்டதில்லை. நமது கடலில் அதன் ஏற்றத்தாழ்வு ஒரு மீற்றருக்கும் குறைவு. மழை எங்கே பெய்தது, வாவி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பவற்றையே விசாரிப்பார். படுவான்கரையிலிருந்து கடைக்குச் சாமான் வாங்க வருவோரிடம், “உங்கட பக்கம் மழை எப்படி?” என்று அவர் கேட்பது கமத்தில் உள்ள அக்கறையினால் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்த மாரியிலே, மாமா முதன்முதலாகப் போத்தலை என் கையிலே தந்தார். அன்று மூன்றாம் நாள். முதலிரண்டு நாளும் ஒன்றும் படவில்லை. எட்டு மணியிருக்கும். தங்கூசி என் விரலிலே மெல்ல நடுங்கியது. மணலை அஞ்சித் துடிக்கும் துடிப்பு அது. அடுத்த கணம் ஒரு குத்து. பிறகு வெறுமை.

“பொறு மனே. இழுக்காதை. அது திரும்பட்டும்” என்றார் மாமா, காதோடு காதாக.

நான் பொறுத்தேன். கயிறு தானாகவே நகர்ந்தது. “இப்ப” என்றார். இழுத்தேன். நீர் பிளந்து, நிலவொளியில் ஒரு வெள்ளிக் கதவு திறந்து மூடினாற்போல, அம்மீன் முழுவுடலும் தெரிய மேலே எழுந்து தலையை உதறியது. அந்த ஒரு காட்சிக்காகவே நான் இன்றும் அங்கே போகின்றேன் என்றால் மிகையாகாது. மீன் பாயும்போது கயிற்றைச் சற்றுத் தளர்த்தித் தாழப் பிடிக்கவேண்டும் என்று மாமா நூறு முறை சொல்லியிருந்தார். நானோ கண் பிதுங்க, கையிரண்டையும் உயர்த்தி, கயிற்றை விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றேன். கயிறு செவுளில் உராய்ந்தது. கை இலேசாயிற்று.

நான் அழுதேன். மாமா கயிற்றை இழுத்து அதன் அறுந்த நுனியை விரலால் தடவிப் பார்த்தார். “பிழை உன்ரையில்லை, மனே. தடிப்பை இரண்டரை முழமாய் முடிஞ்சிருக்க வேணும்” என்றார். அது உண்மையன்று என்பதை இருவரும் அறிவோம்.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியதை முதியோர் மறந்திரார். விடிந்தபோது தென்னந்தோப்புகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. மாமாவின் வீட்டிலே சுவர்கள் மட்டும் நின்றன. அவர் வேலை செய்த கடையும் சேதமுற்றுப் பூட்டப்பட்டுவிட்டது, சம்பளம் இல்லை. அதற்குப் பின் மூன்றாம் வாரம் என்று நினைக்கின்றேன், மாமா ஒரு கொடுவாவைத் தோளிலே போட்டுக்கொண்டு வந்தார். வால் அவருடைய முழங்காலைத் தட்டியது. தராசிலே 30 றாத்தல் நின்றது. வாங்கிய வியாபாரி அங்கேயே வயிற்றைக் கீறினார். இரண்டு பெரிய சினைப்பைகள் இருந்தன. ஒன்றை எங்களுக்கே திருப்பித் தந்தார். மீன் விற்ற பணத்தில் கூரைக்குத் தகரம் இரண்டும், ஆணியும், அரிசியும் வந்தன. சினையை மாமி பொரித்தார். தகரத்தின் கீழே குந்தியிருந்து எல்லோரும் உண்டோம். அவ்வளவு சுவையாக நான் அதற்கு முன்னும் உண்டதில்லை, பின்னும் உண்டதில்லை.

அந்த மீனைப் பற்றி நான் அறிந்திராத ஒன்றைப் பல ஆண்டுகளின் பின் ஒரு நூலிலே படித்தேன். கொடுவா பிறக்கும்போது ஆணாகவே வளர்கின்றது. மூன்று நான்கு வயதிலே ஆணாகப் பருவமடைந்து, சில ஆண்டுகள் அவ்வாறே வாழ்ந்து, பிறகு பெண்ணாக மாறிவிடுகின்றது. பப்புவா நியூகினியிலே செய்யப்பட்டு 1979ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று இதனை விளக்கிக் காட்டியது. அவுஸ்திரேலியக் கொடுவாக்களில் இம்மாற்றம் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வயதளவில், மீன் ஒரு மீற்றரை நெருங்கும் பருவத்தில் நிகழ்வதாக அறிஞர் கூறுகின்றனர். ஆகவே, சிறியன எல்லாம் அநேகமாக ஆண். மிகப் பெரியன எல்லாம் அநேகமாகப் பெண். நமது புராணங்களிலே இத்தகைய மாற்றங்களைப் படித்து வியந்திருக்கின்றோம். இதோ நமது வாவியிலே அது ஆண்டுதோறும் நடக்கின்றது!

பெரிய பெண்மீன் ஒன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. முட்டை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றரிலும் சிறியது. ஒரு நாளுக்குள்ளாகவே பொரித்துவிடும். ஆனால் நன்னீரிலே அது பிழைக்காது. உவர் மிகுந்த நீர் வேண்டும். எனவே வாவியிலும் ஆற்றிலும் வளர்ந்த மீன்கள் முட்டையிடுவதற்காகக் கழிமுகத்தை நாடி இறங்குகின்றன. குஞ்சுகளோ மறுபடி உள்ளே வந்து கண்டல் வேர்களின் நடுவிலும் சதுப்பிலும் ஒளிந்து வளர்கின்றன. வாயில் திறந்திருத்தலும், கண்டற் காடு அழியாதிருத்தலும், வாவிக்குள்ளே தங்கூசி வலை விரிந்து கிடவாதிருத்தலும் அக்குஞ்சுக்கு உயிர்நிலையானவை. தங்கூசி வலை நமது நாட்டிலே தடைசெய்யப்பட்ட ஒன்று. ஆயினும் அதைப் பற்றிய முறைப்பாடுகள் ஓய்ந்தபாடில்லை.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலே இதற்கெனச் சட்டம் வகுத்திருக்கின்றனர். 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கொடுவாவைப் பிடித்து வைத்திருத்தல் கூடாது, அது சிறுவன். 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் கூடாது, அது தாய். இடைப்பட்டதையே வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முட்டையிடும் மாதங்களிலே பிடிப்பதும் தடை. நம்மிடையேயோ பெரிய மீனைப் பிடித்தவனுக்கே மரியாதை. திருகோணமலைக் கடலிலே இப்போது கூடுகளில் இம்மீனை வளர்க்கின்றனர். உணவுச்சாலைத் தட்டிலே வரும் அந்தக் கொடுவா பெரும்பாலும் பெண்ணாகும் வயதை எட்டாதது. சுவையிலே முகத்துவாரத்து மீனுக்கு அது ஈடாகாது என்பேன். ஆனால் இவ்விஷயத்தில் என் நாக்கு நடுநிலைமையானதன்று.

யுத்த ஆண்டுகளிலே இரவில் கரைக்குப் போவது நினைக்கவும் முடியாத காரியமாயிற்று. மாமா வாசலிலே கதிரையைப் போட்டுக் கடலின் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 1996ஆம் ஆண்டு நோயுற்றுக் காலமானார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நாவலடியைத் துடைத்துச் சென்றதை அவர் காணவில்லை. சூறாவளிக்குத் தப்பி நின்ற அந்தச் சுவர்களும் அன்று போயின. அந்த நாளைப் பற்றி இங்கே விரித்தெழுத எனக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் முகத்துவாரத்துக்குப் போவது என் தங்கையின் மகனோடு. வங்கியிலே வேலை செய்கின்றான். அவனிடம் இறகுபோல இலேசான தடியும், நெய்த நூற்கயிறும், வாலாட்டும் இறப்பர் மீனும் இருக்கின்றன. தூண்டில் போடுவது எப்படி என்று கைபேசியிலே பார்த்துக் கற்றுக்கொண்டவன். முதலிலே எனக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் அவன் வீசிய தூண்டில், மாமா வீசியதுபோலவே, அந்தச் செந்நீர் எல்லையின் ஓரத்திலே போய் விழுந்ததைக் கண்டபின் வாயை மூடிக்கொண்டேன். எல்லையை மட்டும் நான்தான் அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

2022ஆம் ஆண்டு மார்கழியில் ஓர் இரவு, அவனுக்கு ஒரு கொடுவா பட்டது. நான்கு முறை பாய்ந்தது. நான்கு முறையும் அவன் தடியைத் தாழ்த்தினான். இருபது நிமிடத்தின் பின் அது கரையோரத்திலே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. சற்றுத் தொலைவிலே கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் ஓடிவந்து, சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கி, அதைத் தாங்கிப் பிடிக்க உதவினார். தடியிலே அளவு குறித்திருந்தான், 105 சென்ரிமீற்றர். வயிறு பருத்திருந்தது.

நான் படித்ததை ஏற்கெனவே அவனுக்குச் சொல்லியிருந்தேன். அப்போது மறுபடியும் சொல்லவில்லை. அவன் என்னைப் பார்த்தான்.

“மாமா, இது என்ரை முதற் பெரிய மீன்” என்றான்.

“ஓம்” என்றேன்.

“அம்மாட்டக் காட்ட வேணும் எண்டு நினைச்சன்.”

நான் பதில் சொல்லவில்லை. ஒரு படம் மட்டும் எடுக்கச் சொன்னான். என் கைநடுக்கத்தால் அது தெளிவாக விழவில்லை. பின்பு முள்ளைக் கழற்றி, மீனை அணைத்துப் பிடித்தபடி, ஓட்டம் மந்தமான பக்கத்திலே இடுப்பளவு நீரில் இறங்கி, அதன் முகத்தை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றான். செவுள் இருமுறை மெல்லத் திறந்து மூடியது. பிறகு வேகமாக. வால் ஒருமுறை அடித்தது. அவன் முகமெல்லாம் நீர்.

உதவிக்கு வந்தவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய சைக்கிளில் தொங்கிய பை அதுவரை வெறுமையாகவே இருந்தது.

“விடுறதெண்டால் எனக்குத் தந்திருக்கலாமே, ஐயா” என்றார்.

அவர் கோபித்துச் சொல்லவில்லை. எனக்கு 1978ஆம் ஆண்டின் அந்தத் தகரங்கள் இரண்டும் நினைவுக்கு வந்தன. மாமாவிடம் அன்று யாராவது வந்து, இது தாய்மீன், விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன்? சம்பளம் வாங்குபவன் மீனை விடுவது ஒன்று. சமையலுக்கு மீன் தேடி வந்தவர் விடுவது வேறொன்று. குயின்ஸ்லாந்துச் சட்டத்தை அவருக்கு எடுத்துச் சொல்ல என் நா எழவில்லை.

மருமகன் தன் பெட்டியிலிருந்து நல்ல முள்கள் சிலவும் தடித்த தங்கூசிச் சுருள் ஒன்றும் எடுத்து அவரிடம் கொடுத்தான். அவர் முதலில் மறுத்துப் பின்பு வாங்கிக்கொண்டார். தடிப்பை இரண்டரை முழத்துக்கு முடியுங்கள் என்று மட்டும் நான் சொன்னேன். அவர் தம்முடைய இடத்துக்குத் திரும்பிப் போய் ஈயக்குண்டைச் சுழற்றி வீசினார். பத்து மணிவரை அங்கேயே நின்றோம். நாங்கள் புறப்படும்வரை அவருக்கு ஒன்றும் படவில்லை.